ஸ்தோத்திரம் வாயில் வராதவள்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வதற்கென்றே அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். தையல்காரரின் அக்கா. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் ஸ்தோத்திரம். வழியாமல் தப்பித்தால் அதற்கும் ஒன்று. கால் இடறிச் சுவரைப் பிடித்துக்கொண்டால் ஸ்தோத்திரம். பிடிக்க முடியாமல் விழுந்து முட்டி பெயர்ந்தால், எலும்பு முறியாததற்கு ஸ்தோத்திரம். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். தெருவில் அவளுக்கு ஸ்தோத்திரக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. அது அவள் காதிலும் விழுந்தது. அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லாமலா இருந்திருப்பாள்?

ஆனால் கதை அவளுடையது இல்லை, அவள் தம்பி பெண்டாட்டியுடையது. அந்த வாயில் ஸ்தோத்திரம் லேசில் வராது. சபையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போதுகூட, கடைசி எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஒப்பேற்றிவிடுவாள்.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மூட்டை பிரிக்கிற வேலை. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது அந்தச் சின்னம்மாதான். சேர்த்துவிட்ட கையோடு, "இந்த மூக்கை வச்சுக்கிட்டு நீ இங்க எப்படிடி காலம் தள்ளப்போறே?" என்று கேட்டாளாம். மூக்கு அப்பா வழிச் சொத்து. அத்தைமார் எல்லாருக்கும் அதே மூக்கு. பெரியத்தை மகளுக்கு அதனாலேயே நல்ல சம்பந்தம் ஒன்று தட்டிப்போயிற்று. நீளம்கூடப் பெரிதில்லை. பிடிக்காதது ஒன்று எதிரே வந்தால் அந்த மூக்கு நடுவில் சுருங்கி, மேலுதட்டையும் தூக்கிக்கொண்டு போகும். வாய் என்னதான் தேன் ஒழுகப் பேசினாலும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

சலவைக்கூடத்துக்கு வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வரும். ஒருத்தி முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டுவாள், மற்றவர்கள் பிரித்துத் தொட்டிகளில் போடுவார்கள். போர்வைக்குள் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம், சீழ், வாந்தி, பீ, கட்டுப் பிரித்த பஞ்சு. ஒரு தடவை யாரோ ஒரு கிழவரின் பல்செட் சிரித்துக்கொண்டு வந்தது. ஊசியும் வரும். ஒருத்தி விரலில் ஊசி ஏறி, அது சீழ் பிடித்து, கடைசியில் விரலையே எடுக்கவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. அவிழ்க்கிறவள் கண்ணில் பட்டதைப் பட்ட உடனே உரக்கச் சொல்லிவிட வேண்டும். எந்திர இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும். "ஊசி!" என்றால் எல்லார் கையும் முதுகுக்குப் பின்னால் போகும். "ரத்தம்!" என்றால் பச்சைத்தண்ணீர்த் தொட்டி. "பீ!" என்றால் ஓரத்துத் தொட்டி. சொல்லிவிட்டு மூக்கைச் சுளிக்கலாம், காறித் துப்பலாம், அந்த வார்டுக்காரர்களை வம்சத்தோடு திட்டலாம். சொல்லாமல் விட்டால்தான் தப்பு.

"வாந்தி!" என்று இவள் கத்துவாள்.

"யாரு வீட்டு வாந்தி?" என்பாள் எதிரில் நிற்கிற குள்ளச்சி.

"கேரட் கிடக்கு. பணக்கார வார்டுதான்."

"நமக்கு முழுசாவே கிடைக்கல. அதுங்க தின்னுட்டு கக்குதுங்க பாரு."

சிரிப்பும் அருவருப்புமாக வேலை ஓடும். வீட்டுக்கு வரும்போது கையில் சோப்பு வாசனை மட்டும்தான் இருக்கும். மனதில் ஒன்றும் தங்காது.

மனதில் தங்கினதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அழுக்குதான். சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யாருக்கு என்ன நன்மை நடந்ததோ எழுந்து நின்று சொல்லி, கர்த்தருக்கு நன்றி செலுத்தலாம். ஊருக்கு வெளியே ஒரு பஸ் கவிழ்ந்த வாரம், கட்டட கான்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையோடு எழுந்தார். அந்த பஸ்ஸில் அவர் மகன் ஏற வேண்டியதாம். கடைசி நேரத்தில் செருப்பு வார் அறுந்ததாம். "கர்த்தரே வாரை அறுத்தார்! என் மகனைத் தனியாப் பிரிச்சு எடுத்தார்!" என்றார். சபை முழுக்க அல்லேலூயா. ஸ்தோத்திரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் பஸ் விபத்து வார்டு மூட்டைகளை அவிழ்த்தது இவள் கைதான். பள்ளிக்கூட ரிப்பன் ஒன்று போர்வையில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்படியானால் ஏறினவர்கள் செருப்பையெல்லாம் கர்த்தர் கெட்டியாகத் தைத்து வைத்திருந்தாரா? கேட்டால் அடிக்க வருவார்கள் என்று கேட்கவில்லை. மூக்கு மட்டும் சுருங்கியது. முன்வரிசையில் இருந்த கான்ட்ராக்டர் மனைவி திரும்பிப் பார்த்து, தன் சென்ட் வாசனைதான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கர்த்தர்மேல் இவளுக்குக் கோபம் கிடையாது. வாராவாரம் அவர் வாசலில் கொண்டுவந்து கொட்டுகிற நன்றிகளைப் பார்த்து அவருக்கே குமட்டாதா என்பதுதான் அவள் சந்தேகம். பக்கத்து வீடு எரிந்தது, என் வீடு தப்பியது, ஸ்தோத்திரம். அவள் புருஷன் குடிக்கிறான், என் புருஷன் குடிப்பதில்லை, ஸ்தோத்திரம். ஒவ்வொரு நன்றிக்கு அடியிலும் யாராவது ஒருவர் நசுங்கிக் கிடந்தார்கள்.

அவள் புருஷன் தையல்காரர், தின்னப் பிறந்த மனுஷன். கடையில் அளவெடுக்கும்போதுகூட, "என்னண்ணே, நேத்து விருந்தா? இடுப்பு ஏறியிருக்கே, என்ன போட்டாங்க?" என்று விசாரித்துத்தான் அடுத்த அளவுக்கு நாடாவை நகர்த்துவார். தட்டை வழித்து, விரலைச் சப்பி, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. ஒரே மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகள் போனில் கூப்பிட்டால் இவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன சமையல்?"

அந்த வயிற்றில்தான் வந்தது. குடலில் கட்டி. அறுத்து எடுத்துவிட்டு, மீதிக் குடலின் நுனியை வயிற்றுப் பக்கமாக வெளியே இழுத்து, தோலோடு தைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டினார்கள். இனி ஆயுசுக்கும் அந்த வழிதான் என்றார்கள். எப்படிக் கழற்றி மாட்டுவது என்று காட்டிக்கொடுக்க ஒரு நர்ஸ் வந்தாள். இளம்பிள்ளை, அன்பான பிள்ளை.

"பயப்படாதீங்கம்மா. பார்க்க ரோஜா மொட்டு மாதிரிதான் இருக்கும்."

பையை உரித்தாள். எந்தத் தோட்டத்து ரோஜா அது? சிவந்து, ஈரமாக, வயிற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி விரிந்து, மூடுவாரில்லாத வாய்போலக் கக்கியது. கூடத்தில் வாளி வாளியாகப் பார்த்தவள்தான். ஆனால் அங்கே கையுறை உண்டு, மூக்குக்குத் துணி உண்டு, போட்டவன் முகம் கிடையாது. இங்கே முகம் தலையணையில் இருந்தது. அது இவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நொடியில் அவள் உள்ளே ஒரு ஜெபம் எழும்பியது. கேட்காமல், கூப்பிடாமல், தானாக. *நல்லவேளை, என் வயிறு இல்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே.*

வாழ்நாளில் அவள் சொன்ன மனப்பூர்வமான முதல் ஸ்தோத்திரம் அதுதான். கான்ட்ராக்டரின் செருப்பு வாருக்கு இது எந்த விதத்தில் மேல்? வெளியே வந்து குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். பையின் நாற்றம் கையைக் கழுவினதும் போய்விட்டது. அந்த ஜெபத்தின் நாற்றம் போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தீர்மானம் செய்தாள். முகம் காட்டக் கூடாது. கட்டின பெண்டாட்டியே மூக்கைச் சுளித்தால் மனுஷன் எங்கே போவார்? பை மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வாய் திறக்க மாட்டாள், கண்ணைச் சுவரில் வைத்துக்கொள்வாள். மூக்கை மட்டும் என்ன செய்வது? தலையைக் குனிந்து அதை முந்தானைக்குள் ஒளித்தாள். எல்லாம் முடிந்து பின்பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் துப்புவாள். பிறகு தனியாக உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடித்த நெடுநேரம் கழித்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

அவள் வேலைக்குப் போகிற பொழுதில் அக்காதான் மாற்றுவாள். ஸ்தோத்திரக்காவின் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. "ஸ்தோத்திரம் தம்பி, இன்னிக்கு நல்லாப் போயிருக்கு. ஸ்தோத்திரம், தோல் சிவக்கல. ஸ்தோத்திரம், பை கிழியல." அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்.

கடைக்குப் போகவில்லை. ஆளை ஒட்டி நின்று அளவெடுக்கிற தொழில். அந்த வயிற்றோடு யார் பக்கத்தில் போய் நிற்பது? தையல் எந்திரத்தை வீட்டின் உள்ளறைக்குக் கொண்டுவந்து, தெரிந்தவர்கள் கொடுத்துவிடுகிற கிழிசல்களைத் தைத்தார். "சாப்பிடுங்க" என்று தட்டை எந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு வருவாள். தட்டு துடைத்த மாதிரி திரும்பி வரும். பரவாயில்லை, வாயாவது பழையபடி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எடைப் பலகையில் ஏற்றினபோதுதான் டாக்டர் முகம் மாறியது.

"என்னம்மா, சாப்பாடு கொடுக்கிறீங்களா இல்லையா?"

"கொடுக்கிறேன் டாக்டர். தட்டைக் காலி பண்ணிடறாரே."

"இந்த எடை அப்படிச் சொல்லலையே. இவர் உடம்பு தன்னையே தின்னுக்கிட்டிருக்கு. இப்படியே இன்னும் கொஞ்சம் இறங்கினா, சின்னக் காய்ச்சல் வந்தாக்கூடத் தாங்க மாட்டார். அப்புறம் நாங்க யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவளுக்கு விளங்கவில்லை. சட்டை தொளதொளத்திருந்தாலாவது தெரிந்திருக்கும். அன்று வீட்டில் அவர் குளிக்கப் போனபோது கால்சட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் பழைய தையலுக்குள்ளே இன்னொரு தையல், அதற்கும் உள்ளே ஒன்று. சட்டையின் பக்கவாட்டிலும் அப்படியே. மனுஷன் தான் இளைக்க இளைக்கத் தன் துணியையும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார், வெளியே யாருக்கும் தெரியாத அவ்வளவு நறுவிசான தையல். தொழில் தெரிந்த கை. ஆனாலும் சாப்பாடு எங்கே போகிறது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்குழு வந்தது. போதகர், கான்ட்ராக்டர், அவர் மனைவி, பாட்டு எடுத்துக்கொடுக்கிற ஒரு வாத்தியாரம்மா. வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. தையல்காரர் பையின்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

அறைக்குள் நாற்றம் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. போதகர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டை கீழே இறங்கி மூக்கிலேயே தங்கிவிட்டது. வாத்தியாரம்மா பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பாடினாள். கான்ட்ராக்டர் மனைவி மெதுவாக ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்தி, "காத்து நல்லா வருது, ஸ்தோத்திரம்" என்றாள். தையல்காரர் தலை குனிந்து குனிந்து மடியிலேயே விழுந்துவிடும்போல இருந்தது.

கான்ட்ராக்டர் ஜெபிக்கத் தொடங்கினார். "ஆண்டவரே, இந்தச் சகோதரனுக்கு நீர் கொடுத்த இந்தப் பாடுகளுக்காக ஸ்தோத்திரம்! இந்த வியாதிக்காக ஸ்தோத்திரம்! இதைப் பார்க்கும்போது எங்களுக்கு நீர் கொடுத்த சுகத்துக்காக ஆயிரம் ஸ்தோத்திரம்!"

ஆமென் என்றது குழு. இவள் மூக்கு சுருங்கியது. ஆனால் சுருங்கினது ஜெபத்துக்கு மட்டுமில்லை. அறையில் இருந்தது பையின் நாற்றம் இல்லை. அதை அவள் அறிவாள், அதோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். இது வேறு. கெட்ட முட்டை. அதற்கடியில் புளித்துப்போன சோறு. உள்ளறையிலிருந்து வந்தது.

சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போனாள். எந்திரத்துக்கு அடியில் துண்டுத் துணிகளைப் போட்டுக் கட்டிவைக்கிற மூட்டை இருந்தது. இழுத்தாள். துணிக்கு இருக்க வேண்டிய கனத்தைவிட அதிகம் கனத்தது. முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே அசைந்தது.

அவள் யோசிக்கவேயில்லை. வீட்டில் இருக்கிறோம், வெளியே ஜெபம் நடக்கிறது, போதகர் இருக்கிறார் என்கிற நினைப்பே இல்லை. முடிச்சு அவிழ்ந்தது, கண்ணில் பட்டது, வாய் திறந்துகொண்டது. சலவை எந்திரங்களின் இரைச்சலை அடக்குகிற அதே குரல்.

"புழு!"

முன்னறையில் ஜெபம் பாதியில் அறுந்தது.

"முட்டை! சோறு! ரொட்டி! புழு, புழு, முழுக்கப் புழு!"

வாத்தியாரம்மா புத்தகத்தைக் கீழே போட்டாள். கான்ட்ராக்டர் எழுந்து நின்றுகொண்டார், ஏதோ புழு தன்னைத் தேடித்தான் வருகிறது என்பதுபோல. இவள் மூட்டையின் நான்கு முனையையும் கூட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். தூக்கிவந்த மூட்டையின் அடியிலிருந்து சொட்டியது.

"ஸ்தோத்திரம்…" என்றாள் அக்கா, பழக்கத்தில்.

"எதுக்கு அண்ணி ஸ்தோத்திரம்? புழுவுக்கா?" என்றாள் இவள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அண்ணியிடம் அவள் குரல் உயர்த்தினது அன்றுதான். "இதெல்லாம் நான் இவருக்கு வச்சது. வேளாவேளைக்கு வச்சது. ஒரு வாய் உள்ள போகல. எல்லாம் இங்க கிடக்கு."

தையல்காரர் நிமிரவில்லை. வெளுத்த கை இரண்டும் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தன.

போதகர் நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த மூட்டையைப் பார்த்ததும் அவர் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. "மறைவா இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தீரே, உமக்கு நன்றி, ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் அவரை முந்திக்கொண்டு போனார்கள். படியிறங்கும்போது கான்ட்ராக்டர் மனைவி புருஷனிடம் சொன்னது நன்றாகவே கேட்டது.

"நம்ம வீட்ல கர்த்தர் இதுமாதிரி ஒண்ணும் வச்சதில்லைங்க. அதுக்கே அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்."

இவள் மூட்டையைத் தெருக்கோடித் தொட்டியில் போட்டுவிட்டு, தரையைக் கழுவி, கையைக் கழுவி வந்தாள். தையல்காரர் அதே நாற்காலியில் இருந்தார்.

"ஏன்?" என்றாள்.

"பசிக்கல."

"பசிக்காதவன் வேணாம்னு சொல்லுவான். மூட்டை கட்டி ஒளிக்க மாட்டான்."

அவர் துண்டின் நுனியை இழுத்து இழுத்து மடித்தார்.

"வாயைத் திறங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"உள்ள போட்டாத்தானே வெளிய வரும்?" என்றார் அவர் மெதுவாக. "போடலேன்னா வராது. வரலேன்னா நீ மாத்த வேணாம்."

"நான் மாத்த மாட்டேன்னு எப்ப சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"அதான். ஒரு வார்த்தை சொல்லல." அவருக்குக் கோபம் வந்துவிட்டது, நெடுநாள் கழித்து அந்த முகத்தில் ரத்தம் ஏறியது. "நாறுதுன்னு நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலை. வாயைத் தைச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, அந்த மூக்கை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு… ஒளிக்கிற மூக்கா அது? பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டுத் துப்புறியே, அந்தச் சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா? ஒவ்வொரு தடவை நீ துப்பும்போதும், நாளைக்கு ஒரு வாய் குறைச்சுக்கணும்னு நினைச்சுக்குவேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் வாய் ஓயாமல் கத்துகிறவள், இங்கே மட்டும் நல்ல பெண்டாட்டியாக இருக்க நினைத்து வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய்க்குப் பின்னால் இந்த மனுஷன் உயிரோடு காய்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

"சரி. இனிமே அண்ணியையே மாத்தச் சொல்றேன். அவங்கதான் முகம் சுளிக்கிறதில்லையே."

"வேணாம்!" என்றார். "அக்கா வேணவே வேணாம். அவ சுளிக்காம மாத்தும்போது பொணத்தைக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கு. தினமும் எனக்கு அடக்க ஆராதனை நடக்குது."

வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது. விழுந்ததும் அவள் வாய் திறந்தது. என்ன வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வரவில்லை. உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் புள்ளைய மண்ணுல வச்சப்பவும் அதைத்தான் சொன்னேன்" என்றாள். "சொல்லிக்கிட்டே இருந்தேன். வாயை நிறுத்தியிருந்தா குழிக்குள்ள குதிச்சிருப்பேன் தம்பி. அப்புறம் எப்படி நிறுத்துறதுன்னு தெரியல."

அந்த அடக்கத்துக்கு இவளும் போயிருந்தாள். காய்ச்சலில் போன பிள்ளை. பிள்ளையை வைத்துக்கொண்டு காய்ந்த கண்ணோடு ஸ்தோத்திரம் சொன்னவளைப் பார்த்து, இவளும் ஒரு தாயா என்று அருவருத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். இத்தனை காலம் அந்த அருவருப்பை ஒரு சொத்துபோல வைத்துக் காத்திருந்தாள். இப்போது அதைப் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவரைப் பார்த்து. "ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு முதல்ல பையை உரிச்சாளே, அப்ப நான் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். என்னன்னு தெரியுமா? நல்லவேளை, இது என் வயிறு இல்லைன்னு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவள் மூக்கு சுருங்கி, உதடு ஏறி, அழவும் முடியாமல் கோணிக்கிடந்தது. தையல்காரர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ஸ்தோத்திரம்தான்" என்றார் கடைசியில். "நானா இருந்தா ரெண்டு தடவை சொல்லியிருப்பேன்."

"சும்மா இருங்க."

"நிசமாத்தான். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தனுக்குக் காலை எடுத்தாங்களே, அவனைப் பார்த்து நான் தினமும் சொன்னேன். அவன் என் பையைப் பார்த்துச் சொல்லியிருப்பான். கர்த்தர் எங்க ரெண்டு பேர்கிட்டயும் நல்லா மாட்டிக்கிட்டார்."

சிரிக்கிற இடமில்லைதான். இருந்தாலும் அக்கா முதலில் சிரித்தாள், தலையில் அடித்துக்கொண்டே.

பிறகு சாப்பாடு. சோறும் பருப்பும் இருந்தது. தட்டை உள்ளறைக்குக் கொண்டுபோகவில்லை. அவர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டாள். அவர் ஒரு வாய் எடுத்தார். எத்தனை நாள் சும்மா கிடந்த குடலோ, இரண்டாவது வாய் இறங்குவதற்குள் துண்டுக்கடியில் கரகரவென்று சத்தம் போட்டது. வாடையும் வந்தது. அவர் கை தட்டிலேயே நின்றது. கண் அவள் மூக்குக்குப் போனது.

மூக்கு சுருங்கித்தான் இருந்தது. வாயில் சோறு. தொண்டை அதை ஏற்கமாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. அவள் எழுந்து போகவில்லை.

"நாறுதுங்க" என்றாள். "சகிக்கல." சொல்லிவிட்டு, மென்று, விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாயை எடுத்தாள். "என்ன பார்க்கிறீங்க? நான் தின்னலையா? தின்னுங்க."

அவர் தின்றார். அவளைப் பார்த்துப் பார்த்துத் தின்றார். இடையில் அவள் ஒருமுறை எழுந்துபோய் எல்லார் காதிலும் விழும்படி துப்பிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து மீதியை முடித்தாள். அவரும் முடித்தார். அக்கா இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள், ஒன்றும் சொல்லாமல்.

காலையில் பை நிரம்பி உப்பியிருந்தது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்று உட்கார்ந்தாள். இந்தத் தடவை முந்தானையைக் கட்டி இடுப்பில் செருகிவிட்டாள். நிமிர்ந்தாள். உரித்தாள்.

"அய்யய்யே! என்ன மனுஷங்க நீங்க! செத்த எலி தோத்துது போங்க!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

தையல்காரர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "என்னை ஏன் திட்டுறே? நீ ஆக்கிப்போட்டதுதானே. உள்ள போகும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுருங்கின மூக்கும் குமட்டுகிற தொண்டையுமாக, ஒரு கையில் அழுக்குப் பையைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பை கனமாக இருந்தது. அந்தக் கனம் கையில் தெரிந்தது. நேற்று அவர் தின்ற சோறு முழுதும் அதில் இருந்தது. சிரிப்போடு சிரிப்பாக வாய் எதையோ சொல்லிவிட்டது.

"என்ன சொன்னே?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள் இவள், பையை வாளியில் போட்டு மூடியை அழுத்திக்கொண்டே. "இவருக்கு இன்னொரு முட்டை வேகப் போடுங்க."